‘மினுக்கி’ என்று பெயர் வாங்கிய எங்கள் அவ்வா

தளியைச் சுற்றியுள்ள நாலைந்து ஊர்களில் எங்கள் அவ்வாவுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. மினுக்கி. வைத்தவர்கள் ஊர்க்காரர்கள். பிறகு எங்கள் காலனிக்காரர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவ்வா அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. “மினுக்கினாத்தானே மினுக்கின்னு சொல்லுவான், இல்லாட்டி வேற என்னமோ சொல்லுவான்” என்பார். அந்த ‘வேற என்னமோ’ என்னவென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். சாதிப் பெயர்தான்.

சென்ற மாதம் அவர் இறந்தார். ஆதார் அட்டைப்படி 90 வயது. அட்டையில் பிறந்த தேதி 01-01-1934. தேதி தெரியாத கிழவர் கிழவிகளுக்கெல்லாம் ஜனவரி 1 போட்டார்களே, அப்படிக் கிடைத்த தேதி. இரண்டு மூன்று வயது முன்னே பின்னே இருக்கலாம். மூன்று மகன்கள், ஒரு மகள், பேரன் பேத்தி, கொள்ளுப்பேரன் என்று பெரிய குடும்பம். சாவுக்குக் கர்நாடகத்திலிருந்து மட்டும் மூன்று வேன் வந்தது. ஆனேக்கல் பக்கம் எங்கள் சொந்தக்காரர்கள் அதிகம். எல்லைக்கோடு எங்களுக்கு ஒரு செக்போஸ்ட், அவ்வளவுதான். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வாழ்கிற பகுதி இது. அவ்வா மூன்றிலும் வாயாடுவார். அவர் சொன்னவற்றில் பெரும்பகுதி தெலுங்கில் சொன்னது. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

இரங்கல் கூட்டத்தில் பேசிய தோழர் ஒருவர் அவ்வாவை ‘உழைப்பாளி’ என்றார், ‘எளிமையானவர்’ என்றார். உழைப்பாளி என்பது உண்மை. எளிமை என்பது சுத்தப் பொய். தகரப்பெட்டியில் 41 புடவைகள் இருந்தன. எங்கள் பெரியத்தை எண்ணினார். அதில் பாதி, வாங்கிக் கால் நூற்றாண்டு ஆனவை. ஆனால் ஒன்றுகூடக் கசங்கி இருக்கவில்லை. கஞ்சி போட்டு, மடித்து, மடிப்புக்கு மடிப்பு நாப்தலின் உருண்டை வைத்து அடுக்கியிருந்தார். ஒரு தலித் கிழவியை மரியாதையாக நினைவுகூர வேண்டும் என்றால் அவளை எளிமையானவள் ஆக்கிவிட வேண்டும் என்று நாமே நினைக்கிறோம். அவ்வா எளிமையாக இருக்க மறுத்தவர். அதனால்தான் அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

அவ்வாவின் அப்பா தோல் வேலை செய்தவர். செருப்பு, கவலை இறைக்கும் தோல் சால், மாட்டு வார், பறை எல்லாம் செய்வார். கூலி, அறுவடைக் காலத்தில் களத்தில் அளந்து போடும் ராகி. ஊரில் நடமாடிய செருப்பெல்லாம் அவர் கையால் தைத்தவை. ஆனால் அவர் அந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. அம்மா காட்டில் களை எடுப்பவர். முழங்காலுக்கு மேலே ஏற்றிச் செருகிய முரட்டுச் சேலை, ரவிக்கை கிடையாது. அவ்வாவும் கல்யாணம் வரைக்கும் அப்படித்தான். தளி குளிர் தெரிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். வெள்ளைக்காரன் ‘குட்டி இங்கிலாந்து’ என்று பெயர் வைத்த ஊர் என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். மார்கழிப் பனியில் ரவிக்கை இல்லாமல் ராகிக் கதிர் அறுத்த பெண்களிடம் அந்தப் பெருமையைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

முதல் ரவிக்கை ஆனேக்கல் அத்தை தைத்துக் கொடுத்தது. கல்யாணத்துக்கு. மறுவாரம் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனபோது, பண்ணைக்காரர் வீட்டு அம்மா மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இனிமே உன்னை எப்படிடி அடையாளம் கண்டுபிடிக்கறது?” என்று கேட்டாராம். கோபமாகக்கூட இல்லை, சிரித்துக்கொண்டே. அவ்வா இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். சொல்லும்போது அவரும் சிரிப்பார்.

அந்த அம்மா வேடிக்கையாகக் கேட்டதைத்தான் சாதி சட்டமாகவே எழுதி வைத்தது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ஹட்டன், தன்னுடைய சாதி பற்றிய நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. ஆண்கள் குடையும் செருப்பும் பயன்படுத்தக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடு மாடுகள் கொள்ளை போயின. அடுத்த ஆண்டு ஜூனில் தடைகள் பதினொன்றாக ஆயின.

இந்தப் பட்டியலை நான் அவ்வாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். எட்டையும் கேட்டுவிட்டு, “எல்லாம் துணி, நகை, பூவாவே இருக்கு. நிலத்தைப் பத்தி ஒண்ணுமே இல்லியா?” என்றார். நிலம் பற்றிய தடை அடுத்த ஆண்டுப் பட்டியலில் இருந்தது. அதையும் சொன்னேன். “அப்ப மொதல்ல துணியத்தான் பாத்திருக்கான்” என்றார்.

மொதல்ல துணியத்தான் பாத்திருக்கான். அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன் திருவிதாங்கூரில் நடந்ததும் இதுதான். தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு 1859-ல் மகாராஜா, நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார். கூடவே ஒரு நிபந்தனை. மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது. மறைக்கலாம், ஆனால் அவர்களைப் போல இருக்கக் கூடாது. ‘அடையாளம் கண்டுபிடிக்க’ முடிய வேண்டும். தளி பண்ணைக்காரர் வீட்டு அம்மாவும் திருவிதாங்கூர் அரண்மனையும் கேட்டது ஒரே கேள்வி.

அவ்வா இதற்கு எதிராகப் போராட்டம் எதுவும் நடத்தவில்லை. உடுத்தினார், அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ லேசான காரியம் இல்லை.

ஊர் வண்ணார் எங்கள் துணியை வெளுக்க மாட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வெளுத்தால் ஊர் அவருக்குச் சோறு போடாது. அதனால் அவ்வாவே துவைத்து, சோறு வடித்த கஞ்சியில் நனைத்து, நிழலில் உலர்த்தி, பித்தளைச் செம்புக்குள் அடுப்புக் கங்கு போட்டு அதன் அடிப்பாகத்தால் தேய்ப்பார். களி தின்கிற வீட்டில் சோறு வடிப்பதே எப்போதோ ஒருநாள்தான். அந்த நாளை எதிர்பார்த்துப் புடவையைத் துவைத்து வைத்துக் காத்திருப்பார். எங்கள் அப்பா சொல்வார்: “நாங்க சோத்துக்குக் காத்திருப்போம், எங்கம்மா கஞ்சிக்குக் காத்திருப்பா.”

செருப்பு விஷயம் இன்னும் நீண்டது. கல்யாணமாகிச் சில வருடம் கழித்து அவர் அப்பா ஒரு ஜோடி செருப்புத் தைத்துக் கொடுத்தார். அவ்வா அதைப் போட்டுக்கொண்டு ஊர்த் தெரு வழியாகச் சந்தைக்குப் போனார். திண்ணையில் இருந்த ஒருவர் கழற்றச் சொன்னார். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். தெரு முடிந்ததும் போட்டுக்கொண்டார். அடுத்த வாரமும் போட்டுக்கொண்டு போனார். மறுபடி சொன்னார், மறுபடி கழற்றினார். “ஆறு மாசம் இப்படியே போச்சு. அவன் சொல்லுவான், நான் கழட்டுவேன். சண்டை போட்டா அடிப்பான். அதனால சண்டை போடல. ஆனா ஒரு வாரமும் போடாம போகல. அப்புறம் ஒருநாள் பாத்துட்டு மொகத்தத் திருப்பிக்கிட்டான். சொல்லிச் சொல்லி அவனுக்கே அலுத்துப்போச்சு.” போராட்டங்களின் வடிவம் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். எதிரிக்கு அலுப்பு வரவைக்கிற போராட்டத்தை அவ்வாவிடம்தான் கேட்டேன்.

தாத்தா சீக்கிரமே போய்விட்டார். அவ்வாவுக்கு அப்போது நாற்பது இருக்கும். பூவை எடுக்க வேண்டும், வெள்ளை இல்லாவிட்டாலும் மங்கிய நிறமாவது கட்ட வேண்டும் என்று சொன்னது ஊர்க்காரர்கள் இல்லை, எங்கள் பெண்களே. நம்மிடையே கைம்பெண் கொடுமை குறைவு என்று நாம் மேடையில் சொல்கிறோம். மறுமணம் வழக்கத்தில் இருந்தது, உண்மை. ஆனால் மேலே ஏறுகிற குடும்பங்கள் முதலில் காப்பியடிப்பது மேல்சாதிக்காரர்களின் இந்த வழக்கங்களைத்தான். அவ்வா மூன்றாம் மாதமே கனகாம்பரம் வைத்துக்கொண்டு ஒரு காதுகுத்துக்குப் போனார். யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பிட்டுவிட்டு மொய் எழுதிவிட்டு வந்தார். “ஊரான் வெக்கக் கூடாதுன்னப்பவே வெச்ச பூ இது. நீங்க சொன்னா எடுத்துடுவேனா?” என்று பெரியத்தையிடம் சொன்னாராம்.

நாலு பிள்ளைகள், நிலம் இல்லை. 1970-களில் ஓசூரில் சிப்காட் வந்தது. கட்டட வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. தளியிலிருந்து முதல் பஸ்ஸில் போய்க் கடைசி பஸ்ஸில் வருகிற சித்தாள் பெண்களில் அவ்வாவும் ஒருவர். பின்னாளில் நம் பிள்ளைகள் ஐடிஐ சர்டிபிகேட்டோடு வாசலில் நின்ற அந்தக் கம்பெனிகளின் சுவருக்குக் கல்லும் கலவையும் சுமந்தவர்கள் இந்தப் பெண்கள்தான். ஓசூரின் தொழில் வளர்ச்சி பற்றி வருகிற மலர்களில் இவர்கள் படம் இருக்காது.

அவ்வா இதிலும் ஒரு வழக்கம் வைத்திருந்தார். போகும்போது கஞ்சி போட்ட புடவை, பூ, செருப்பு. வேலை இடத்தில் பழைய புடவைக்கு மாறி, மேலே தாத்தாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் சும்மாடு வைத்து மண் சுமப்பார். சாயங்காலம் தொட்டித் தண்ணீரில் முகம் கை கால் கழுவி, ஒயர் கூடையிலிருந்து நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டுதான் பஸ் ஏறுவார். உடன் வந்த பெண்கள் சிரித்தார்கள். மேஸ்திரி கேலி செய்தார். ஒரு வருடத்தில் அந்த பஸ்ஸில் வந்த ஏழெட்டுப் பெண்கள் அதே மாதிரி ஒயர் கூடை எடுத்து வர ஆரம்பித்தார்கள். சிமெண்ட் தூசியோடு ஏறினால் கண்டக்டர் பின்னால் போகச் சொல்வார். நல்ல புடவையில் ஏறினால் ‘உக்காரும்மா’ என்பார். “அந்த ஒரு ‘ம்மா’வுக்குத்தான் தெனம் ரெண்டு பொடவை” என்று அவ்வா சொல்வார்.

இவ்வளவும் உடுத்துவது யாருக்கு? மற்றவர்களைப் போய்ப் பார்ப்பதற்கு. அவ்வாவுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. கல்யாணம், காதுகுத்து, சீமந்தம், சாவு எதையும் விடமாட்டார். எழுத்து தெரியாது. ஆனால் யார் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு மொய், எந்த வருடம், திரும்ப எவ்வளவு வந்தது எல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். பிற்காலத்தில் பேரன் பேத்திகளை உட்கார வைத்து நோட்டில் எழுதச் சொன்னார். நான் எழுதிய நோட்டில் மட்டும் இருநூறுக்கு மேல் குடும்பங்கள். அதில் பறையர் காலனிக் குடும்பங்களும் இருந்தன. இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எங்களுக்கும் அவர்களுக்கும் இடையே அந்தக் காலத்தில் கொடுக்கல் வாங்கல் உண்டு, கைநனைப்பது இல்லை. அவ்வா போய் உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டு பக்கமும் முணுமுணுத்தது. “பசிச்சுது, போட்டாங்க, தின்னேன்” என்பதோடு முடித்துக்கொண்டார். ஒற்றுமை பற்றி நாங்கள் துண்டறிக்கை போட்டதெல்லாம் அதற்கு முப்பது வருடம் கழித்து.

ஊருக்குள்ளும் அவருக்குப் பழக்கம் உண்டு. வேலை செய்த வீடுகளில் கல்யாணமோ நோயோ என்றால் போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஆனால் கொட்டகைப் பக்கமாகப் போகமாட்டார். முன்வாசலில் நிற்பார். உட்காரச் சொல்லமாட்டார்கள், இவரும் உட்காரமாட்டார். தனி டம்ளரில் காபி கொடுத்தால், “இப்பத்தான் குடிச்சேன்” என்பார். நல்ல புடவையில், பூ வைத்துக்கொண்டு, முன்வாசலில் நின்றபடி அரைமணி நேரம் நாலு நியாயம் பேசிவிட்டு வருவார். அவமானப்படுத்த அவர்களுக்கு வாய்ப்பே தராமல், உறவையும் முறிக்காமல், எப்படி அது முடிந்தது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் அம்பேத்கர் படம் வந்தது 1991-ல், அவருடைய நூற்றாண்டு விழாக்களின்போது. அப்பா மாட்டினார். அவ்வா படத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, “கோட்டு நல்லா தைச்சிருக்கான்.” பிறகு நான் மகாத் பற்றிச் சொன்னேன். 1927 டிசம்பரில், மனுஸ்மிருதியை எரித்த அதே மாநாட்டில், அம்பேத்கர் பெண்களிடம் தனியாகப் பேசினார். உங்கள் சேலைக்கட்டே உங்களைத் தீண்டத்தகாதவர் என்று காட்டிக்கொடுக்கிறது, மேல்சாதிப் பெண்களைப் போலக் கணுக்கால் வரை இறக்கிக் கட்டுங்கள், கையிலும் கழுத்திலும் சுமக்கிற கனத்த வெள்ளி, பித்தளை நகைகளை விட்டுவிடுங்கள், கிழிந்த துணியானாலும் சுத்தமாக இருக்கட்டும் என்ற கருத்தில் பேசினார். கேட்ட பெண்கள் அங்கேயே சேலைக்கட்டை மாற்றிக்கொண்டார்கள் என்பது வரலாறு.

அவ்வா கவனமாகக் கேட்டார். சேலையை இறக்கிக் கட்டச் சொன்னது சரி என்றார். சுத்தம் சரி என்றார். வெள்ளியைக் கழற்றச் சொன்னதில் மட்டும் ஒப்பவில்லை. “எங்கம்மா போட்ட கொலுசு. அவங்க பாத்து அசிங்கம்னா எனக்கு என்ன?” என்றார். அம்பேத்கரிடம் விவாதிக்கக்கூடிய இடத்தில் தன்னை வைத்துக்கொண்டு பேசியது எனக்குப் பிடித்திருந்தது.

மேடைப் பெண்களை நாம் நினைவில் வைத்திருக்கிறோம், அதுவும் அரைகுறையாகத்தான். 1904-ல் ரங்கூனில் பிறந்து 1992 வரை வாழ்ந்த மீனாம்பாள் சிவராஜ், பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் மேடைகளில் அம்பேத்கரோடு நின்றவர். ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ பட்டம் தந்த 1938 சென்னைப் பெண்கள் மாநாட்டின் முன்னணியில் இருந்தவர். அவருக்கே பாடப்புத்தகத்தில் எத்தனை வரி கிடைத்திருக்கிறது என்று பாருங்கள். ஒயர் கூடையோடு பஸ் ஏறிய பெண்களுக்கு மொய் நோட்டும் ரேஷன் கார்டும்தான் ஆவணம்.

2012-ல் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு நவம்பர் 7 அன்று, ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி, தர்மபுரி மாவட்டத்தில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்றையும் கொளுத்தினார்கள். 250-க்கும் மேற்பட்ட வீடுகள். 2004-ல் கிருஷ்ணகிரி பிரியும் வரை நாங்களும் அதே மாவட்டம்தான். பெங்களூருக்கும் மற்ற ஊர்களுக்கும் வேலைக்குப் போய்ச் சம்பாதித்து வாங்கியவற்றை, பீரோ, டிவி, வண்டி, நகை என்று தேடித் தேடி அழித்தார்கள், கொள்ளையடித்தார்கள். மறுமாதங்களில் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-சர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். 1930-ன் எட்டுத் தடைகளில் கூலிங் கிளாஸ் இல்லை. அது ஒன்பதாவது.

அந்த நேரத்தில் அவ்வாவுக்குக் கண்புரை அறுவை முடிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த பெரிய கறுப்புக் கண்ணாடி கண்ணில். டிவியில் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, பச்சைப் பட்டுப் புடவை கட்டி, அந்தக் கண்ணாடியோடு தளி பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார். வந்து, “போட்டுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். ஒருத்தனும் மயங்கல” என்றார். அன்றைக்குச் சிரித்தோம். நத்தம் போய் வந்த எனக்கு ஒரு மாதமாகச் சிரிப்பு வராமல் இருந்தது.

கடைசியாகச் சொல்லப்போவதுதான் என்னை இன்றும் விடாமல் இருப்பது. சில வருடம் முன்பு என் சித்தப்பா மகளுக்கு ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஹாஸ்டலில் இருந்து வெளியே வந்து தனியாக வீடு பிடிக்க வேண்டும். பெரிய மனுஷி ஒருவர் கூட வந்தால் நல்லது என்று அவ்வாவை அழைத்துக்கொண்டு போனாள். அவ்வா மாம்பழ மஞ்சள் புடவை, மேலே பூ வேலை செய்த சுவெட்டர், கையில் பை. வீட்டுக்காரம்மாவுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. உள்ளே உட்கார வைத்துக் காபி கொடுத்தார். இருவரும் கன்னடத்தில் ஒரு மணி நேரம் கதை. அட்வான்ஸ் பேசி முடிந்தது. எழுந்திருக்கும்போது அந்தம்மா சாதாரணமாகக் கேட்டார்: “நீங்க என்ன ஆளுங்க?”

தங்கை தயாராக ஒரு பதில் வைத்திருந்தாள். கம்பெனியில் எல்லோரும் அப்படி ஒன்று வைத்திருக்கிறார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவ்வா சாதியைச் சொன்னார். எந்தத் தயக்கமும் இல்லாமல், கொஞ்சமுன்னால் பேரப்பிள்ளைகளின் பெயரைச் சொன்ன அதே குரலில். அந்தம்மாவின் முகம் மாறியது. தம்பி ஒருவர் கேட்டிருப்பதாகவும், போன் பண்ணிச் சொல்வதாகவும் சொன்னார். போன் வரவில்லை.

தங்கை பஸ்ஸில் அழுதாளாம். “நீ எதுக்கு அவ்வா சொன்னே? நீ பேசாம இருந்திருந்தா வீடு கெடச்சிருக்கும்ல? உன்னப் பாத்தா யாருக்குத் தெரியும்?” அவ்வாவுக்கு இது புரியவே இல்லை. “தெரியாம இருக்கவா நான் இவ்வளவு நல்லா கட்டிக்கிட்டு வந்தேன்? மறைக்கறதா இருந்தா பழசைச் சுத்திக்கிட்டு மூலையில உக்காந்திருக்க மாட்டேனா?” என்றார்.

இருவரும் சொன்னது நியாயம். தங்கைக்குத் தேவை ஒரு வீடு. இரவு ஷிப்ட் முடிந்து வந்து படுக்க ஓர் அறை. அதற்காக அவள் எதையும் மறைத்தால் அது அவள் குற்றம் இல்லை, கேள்வி கேட்டவரின் குற்றம். ஆனால் அவ்வா தொட்டது வேறு இடம். உடை அடையாளத்தைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று மகாத்தில் பெண்கள் சேலையை இறக்கிக் கட்டினார்கள். அந்த வேலை ஓசூரில் ஏறக்குறைய முடிந்துவிட்டது. சிப்காட் கேட்டில் ஷிப்ட் விடும்போது நின்று பார்த்தால் யார் எந்தத் தெரு என்று துணியை வைத்துச் சொல்ல முடியாது. சாதி உடையிலிருந்து வாய்க்கு மாறிவிட்டது. ‘என்ன ஆளுங்க’, ‘எந்தப் பக்கம்’, ‘குலசாமி எது’. அவ்வா உடுத்தியது அவர்களைப் போலத் தெரிவதற்காக இல்லை. இன்னார் என்று தெரிந்த பிறகும் ‘உக்காரும்மா’ என்று சொல்ல வைப்பதற்காக. எழுபது வருடம் அதற்காகவே கஞ்சி போட்டார். அந்த வீட்டில் உட்காரச் சொன்னார்கள், தெரிந்ததும் எழுப்பிவிட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: 1955-ன் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமை காரணமாக ஒருவர் ஒரு பகுதியில் குடியிருக்க விடாமல் தடுப்பதைக் குற்றம் என்கிறது. ‘வேறொருவர் கேட்டிருக்கிறார்’ என்ற ஒரு வாக்கியம் அந்தச் சட்டத்தைத் தாண்டிவிடுகிறது. 2015-ல் திருத்தி 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொது இடத்தில் செருப்பும் புதுத்துணியும் அணிவதைத் தடுப்பதை வெளிப்படையாகவே குற்றப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ராமநாதபுரத் தடைகளுக்கு 85 ஆண்டு கழித்து, செருப்பு என்றும் புதுத்துணி என்றும் ஒரு நாடாளுமன்றம் எழுத வேண்டியிருந்தது. வாடகை வீட்டுக் கேள்விக்கு இன்னும் எத்தனை ஆண்டு என்று கணக்குப் பாருங்கள். இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் பெயரையும் முகவரியையும் தேதியையும் குறித்து வைக்கச் சொல்லி ஓசூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளிடம் சொல்லி வருகிறோம். ஒரு பதில் சந்தேகம், பத்துப் பதில் சாட்சி.

அவ்வாவின் காரியத்துக்குத் தங்கை ஒன்று செய்தாள். தான் வேலை பார்க்கும் பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் சாவுச் செய்தியைப் போட்டு, ‘காரியம் எங்கள் வீட்டில்’ என்று காலனியின் பெயரோடு முழு முகவரியும் எழுதினாள். அதுவரை அவர்களுக்குத் தெரிந்தது ‘தளி’ மட்டும்தான். குழுவில் நாற்பது பேருக்கு மேல். ஒன்பது பெண்கள் பஸ் பிடித்து வந்தார்கள். அவளோடு ஒரே அறையில் ஒரு வருடம் இருந்த ஒருத்தி வரவில்லை. வந்தவர்களுக்குப் பந்தியில் இலை போட்டு, களியும் அவரைக்காய்க் குழம்பும் சோறும் போட்டோம். சாப்பிட்டார்கள். அவ்வாவின் தகரப்பெட்டியைத் தங்கை அவர்களுக்குத் திறந்து காட்டினாள். பெரியத்தை ஒவ்வொருத்திக்கும் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தார், அவ்வா கொடுக்கிற மாதிரியே.

கிளம்பும்போது அவர்களில் ஒரு பெண் மாலை போட்ட படத்தைப் பார்த்து, “உங்க பாட்டி டீச்சரா?” என்று கேட்டாள்.

“இல்ல, சித்தாள் வேலை பாத்தாங்க” என்றாள் தங்கை. “நம்ம கம்பெனிப் பக்கந்தான்.”